சாரதியின் பாதரட்சை

மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள், ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதத்தையும், கண்ணாடிகளில் பார்வையைச் செலுத்தும் ஒழுங்கையும், கியர் மாற்றவேண்டிய சமயத்தையும் மாணவனுக்கு அலுக்காமல் எடுத்துச் சொல்லுகிறார்கள். ஆனால் வண்டியின் வேகம் முழுவதையும் தன் ஆதீனத்தில் வைத்திருக்கிற பாதத்தைப் பற்றியும், அந்தப் பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவே இருக்கவேண்டிய பொருளைப் பற்றியும் அவர்கள் வாய் திறப்பது அபூர்வம். வீட்டு வாசலில் எது கிடந்ததோ அதை மாட்டிக்கொண்டு மாணவன் வருகிறான். அதோடே ஏறி உட்காருகிறான். லைசென்ஸ் வாங்கிச் சொந்தமாக ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கமே ஆயுள் பரியந்தம் அவனோடு நிலைத்துவிடுகிறது. கார் வாங்கப் போகும்போது டயரின் தரத்தையும் பிரேக்கின் வகையையும் ஏர்பேக்குகளின் எண்ணிக்கையையும் துருவித் துருவி விசாரிக்கிற நாம், அந்தப் பிரேக்கை மிதிக்கப்போகும் காலில் என்ன இருக்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. காரோட்டியின் காலணி காரின் உறுப்புக்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடும் யோசனையில் ஒரு பங்கையாவது அதற்கும் செலவிடவேண்டும் என்பதற்கான நியாயங்களையே இந்தக் கட்டுரையில் ஆராயப் புகுகிறேன்.

பாதம் அங்கே என்ன செய்கிறது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, விரல்களுக்குச் சற்றுப் பின்னே உள்ள உள்ளங்காலின் மேடு ஆக்சிலரேட்டரின்மேல் அமர்கிறது. கணுக்கால் இம்மியளவு மடங்குவதாலும் நிமிர்வதாலுமே வேகம் கூடுகிறது, குறைகிறது. நிறுத்தவேண்டி வரும்போது அதே பாதம் எழும்பி, இடப்பக்கம் நகர்ந்து, ஆக்சிலரேட்டரைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் பிரேக்கின்மேல் போய் விழுகிறது. இடது காலின் வேலை வேறு மாதிரியானது. கிளட்சை முழுதும் அமுக்குவதற்குத் தொடையிலிருந்து பலம் வரவேண்டும். விடும்போதோ, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அந்த மெல்லிய நடுக்கத்தை உள்ளங்கால் உணர்ந்து, அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, பிறகே விடவேண்டும். சறுக்கும் சாலையில் ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கினால் பிரேக் பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிர்கிறது. அந்த அதிர்வைக் கண்டு மிரண்டு காலை எடுத்துவிடாமல் மேலும் அழுத்தி மிதிக்க வேண்டியவன் சாரதி. இவற்றில் எதையும் கண்ணால் பார்த்துச் செய்ய வழியில்லை. கண் சாலையில் இருக்கிறது. ஆகையால் உள்ளங்காலானது பலத்தைப் பிரயோகிக்கும் கருவியாக இருப்பதோடு, வண்டியின் நிலையைச் சாரதிக்கு அறிவிக்கும் இந்திரியமாகவும் இருக்கிறது. நல்ல காலணி இந்த இரண்டு காரியங்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும்.

தாமதத்தின் விலை என்ன என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டருக்குமேல் கடந்துவிடுகிறது. செருப்பு மாட்டிக்கொண்டதாலோ, ஈரக்கால் வழுக்கியதாலோ, பிரேக்கை மிதிப்பது கால் நொடி தாமதப்பட்டால், அதற்குள் வண்டி ஐந்தரை மீட்டர் முன்னேறியிருக்கும். அது ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் பம்பருக்கும் இடையே ஐந்தரை மீட்டர் என்றால் அது எத்தகைய வித்தியாசம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

மோட்டார் யுகத்தின் ஆரம்பத்தில் பாதத்துக்கு இவ்வளவு நுட்பமான பொறுப்பு இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியில் மூன்று பெடல்கள் இருந்தனவென்றாலும், இடப்பக்கத்தது கியருக்கும், நடுவிலிருந்தது பின்னால் செல்வதற்கும், வலப்பக்கத்தது பிரேக்குக்குமாக அமைந்திருந்தன. எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. வேகத்தை ஆண்டது கைவிரல். ஆகவே கனத்த பூட்ஸ் அணிந்து ஓட்டியவர்களுக்கும் அதனால் பெரிய இடைஞ்சல் இருந்திருக்க நியாயமில்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று இடமிருந்து வலமாக இன்று நாம் காணும் வரிசை 1916-ஆம் வருஷத்துக் காடிலாக் டைப் 53 வண்டியில் அமைந்து, 1922-இல் வெளிவந்த ஆஸ்டின் செவன் என்னும் சிறிய பிரிட்டிஷ் காரின் மூலமாகச் சாமானிய ஜனங்களிடையே பரவியது. அன்றுமுதல் வேகத்தின் அதிகாரம் கையிலிருந்து காலுக்கு மாறிவிட்டது. காலில் அணிவதோ மாறவில்லை.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் பந்தயக்காரர்கள். சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடந்துவந்த டார்கா ஃப்ளோரியோ என்ற புகழ்பெற்ற பந்தயத்துக்கு வந்த சாரதிகளுக்கு, 1960-களில், செஃபாலு என்ற கடலோர ஊரின் செம்மாரான பிரான்செஸ்கோ லிபர்த்தோ கையால் தைத்துக்கொடுத்த மெல்லிய தோல் காலணிகள் அந்த வட்டாரத்தையே பிரசித்தப்படுத்தின. ஜாக்கி இக்ஸ், நிக்கி லாடா போன்ற மகா சாரதிகளும் அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஆனார்கள். ஒரு சிற்றூர்த் தொழிலாளி, காலையும் பெடலையும் கூர்ந்து பார்த்ததன் பயனாகவே, பெரிய கம்பெனிகளுக்குத் தோன்றாததைச் செய்துகாட்டினார் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தரும் விஷயம். பந்தயம் ஓட்டாத சாதாரண மனிதர்களுக்காக அதே இத்தாலியில் ஜான்னி மோஸ்டிலே என்பவர் 1963-இல் காப்புரிமை பெற்ற காலணி இன்னொரு வகை. மிருதுவான தோலால் மொக்கசின்போலத் தைத்து, அடித்தோலில் வரிசையாகத் துளைகள் இட்டு, அவற்றின் வழியே சிறுசிறு ரப்பர்க் குமிழ்கள் வெளியே தலைகாட்டும்படி அவர் அமைத்தார். தனியாகக் குதி வைத்து உயர்த்தாமல், அந்தக் குமிழ்களையே குதிகாலின் பின்புறம்வரை ஏற்றியிருப்பதுதான் அதில் கவனிக்கவேண்டிய நுட்பம். நெடுங்காலம் கார் ஓட்டிய ஒருவரின் வலது ஷூவைக் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பாகம் முழுதும் ஒரே சீராக இருக்க, குதியின் பின்விளிம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும்; அதற்கு மேலே உள்ள தோல் தரைவிரிப்பில் உராய்ந்து நிறம் மங்கியிருக்கும். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே இந்தக் காலணி பிறந்தது என்று சொன்னால் தகும். ஆயினும் மெல்லிய அடியுடைய அது நம் ஊர்த் தெருக்களில் நடப்பதற்கு உகந்ததன்று. சில மாதங்களில் குமிழ்கள் கரைந்துபோகும். வண்டிக்குள் மட்டும் அணிவதற்கென்று ஒதுக்கிவைப்பவர்களுக்கே அது பிரயோஜனப்படும்.

சட்டங்கள் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகின்றன என்று பார்த்தால், தேசத்துக்குத் தேசம் வேறுபாடு காணப்படுகிறது. ஜப்பானில் ஒவ்வொரு பிராந்தியமும் தனித்தனியே விதி செய்துகொள்ளுகிறது. மரத்தாலான செருப்பையும், கட்டையின் அடியில் இரண்டு பற்கள் வைத்த 'கெத்தா'வையும், அவைபோல் வண்டியை இயக்க இடைஞ்சல் செய்யக்கூடிய எதையும் அணிந்து ஓட்டலாகாது என்று டோக்கியோவின் விதி பெயர் குறிப்பிட்டே தடுக்கிறது. தங்கள் பாரம்பரியக் காலணியையே பெயர் சொல்லி விலக்குவதற்கு அவர்கள் தயங்கவில்லை. இத்தாலியிலோ செருப்புக்கு இருந்த தடை 1993-இல் புதிய போக்குவரத்துச் சட்டம் அமலுக்கு வந்தபோது நீங்கிவிட்டது. ஜெர்மனியில் சொந்தக் கார் ஓட்டுபவருக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் சம்பளத்துக்கு ஓட்டும் சாரதி பாதத்தைச் சுற்றிப் பிடிக்கும் காலணி அணியவேண்டும் என்று விபத்துத் தடுப்பு விதிகள் வற்புறுத்துகின்றன. பிரிட்டனின் 'ஹைவே கோட்' 97-ஆவது விதி, பெடல்களைச் சரியானபடி இயக்கத் தடையாக இராத உடையும் காலணியும் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறது. வெறுங்காலோடு ஓட்டுவது அங்கே குற்றமன்று.

நம் தேசத்தில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் காலணியைப் பற்றிப் பேசவில்லை. 2019 செப்டம்பரில் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்து அபராதத் தொகைகள் உயர்ந்தபோது, செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டினால் அபராதம் என்று ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. மத்திய மந்திரி நிதின் கட்கரியின் அலுவலகமே, செருப்புக்கும் லுங்கிக்கும் அரைக்கைச் சட்டைக்கும் அப்படி ஓர் அபராதம் கிடையாது என்று அறிவிக்கும்படி ஆயிற்று. அபராதம் இல்லை என்று கேட்டவுடன், அபாயமும் இல்லை என்று பலர் நிம்மதி அடைந்துவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் சாரதியின் சொந்தப் பொறுப்பு அதிகமாகிறது என்பதே என் துணிபு.

இனி நம்மிடையே வழங்கும் காலணிகளைப் பார்ப்போம். எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் ஹவாய் செருப்புக்கே உரியது. அபாயத்திலும் அதற்கே முதல் ஸ்தானம் கொடுக்கவேண்டும். அதைக் காலோடு சேர்த்துவைப்பது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செல்லும் வார் ஒன்றுதான். குதிகாலுக்கு எவ்விதப் பிடிப்பும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து பாதம் எழும்பும்போது செருப்பின் பின்பகுதி தொய்ந்து தொங்குகிறது. விரல்களுக்கு அப்பால் அரை அங்குலம் நீண்டிருக்கும் முன்நுனி நிமிர்ந்து, இடப்பக்கம் நகரும் வழியில் பிரேக் பெடலின் அடியில் போய் மாட்டிக்கொள்ளுகிறது. கால் பிரேக்கின்மேல் இருக்கவேண்டிய அந்தக் கணத்தில் அதன் கீழே சிறைப்பட்டிருக்கிறது. அப்படி மாட்டாவிட்டாலும், பலமாக மிதிக்கையில் வாரின் அடியில் உள்ள குமிழ், தேய்ந்த துளையின் வழியே பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடுவதுண்டு. தெருவில் நடக்கையில் அப்படி நேர்ந்தால் குனிந்து சொருகிக்கொள்ளலாம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நேர்ந்தால் குனியவும் அவகாசமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த உள்ளங்காலுக்கும் நனைந்த ரப்பருக்கும் இடையே ஏற்படும் வழுக்கலையும் இதோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். குதிகாலைச் சுற்றி வார் உள்ள சாண்டல் இவற்றுள் பல தோஷங்களிலிருந்து நீங்கியது. பின்வார் இல்லாத தோல் செருப்பு, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஹவாய் செருப்பின் வகுப்பைச் சேர்ந்ததே.

உயர்ந்த குதி வைத்த காலணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது குதிகாலைத் தரையிலிருந்து எழுப்பி, பாதத்தின் பாரத்தை ஒரு சிறு முனையின்மேல் நிறுத்துகிறது. கணுக்கால் முன்பே மடங்கியிருப்பதால் மேற்கொண்டு மடங்க இடம் குறைகிறது. முனை தரைவிரிப்பின் இழையில் சிக்கவும் கூடும். புடவையின் கரை பெடலருகே விழும் சந்தர்ப்பத்தில் சங்கடம் இரட்டிப்பாகிறது. ஆபீசுக்கு அதை அணிந்தே போகவேண்டியவர்கள் ஓட்டுவதற்கு வேறொரு ஜோடி வைத்துக்கொள்வதே வழி.

கனத்த பூட்ஸ் நேர் எதிரான தோஷமுடையது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலை முடிந்து, 200 ஜூல் தாக்குதலைத் தாங்கும் உலோக முனை வைத்த பாதுகாப்பு ஷூவோடே காரில் ஏறி வீடு திரும்புகிற தொழிலாளிகளும் என்ஜினீயர்களும் ஏராளம். இயந்திரத்திலிருந்து விரல்களைக் காப்பாற்றும் அதே உலோகமும், அதே தடித்த அடியும், பெடலின் ஸ்பரிசத்தை அடியோடு மறைத்துவிடுகின்றன. பாதத்தின் அகலமும் இங்கே முக்கியம். சிறிய கார்களில் முன்சக்கரத்தின் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் புகுந்து, பெடல்களை நெருக்கிவைத்துவிடுகிறது. அகன்ற பூட்ஸ் பிரேக்கை மிதிக்கும்போதே ஆக்சிலரேட்டரின் விளிம்பையும் சேர்த்து மிதித்தால் வண்டி நிற்பதா ஓடுவதா என்று திணறும். உடற்பயிற்சிக்கான தடித்த அடியுடைய ஷூக்களிலும் இந்தக் குறை ஓரளவு உண்டு; மிருதுவான பஞ்சுபோன்ற அடி, மிதித்த பலத்தின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளுகிறது.

வெறுங்கால் விஷயத்தில் அபிப்பிராய பேதம் அதிகம். லாரி சாரதிகளில் அநேகர், சுவாமி படமும் பூமாலையும் உள்ள கேபினுக்குள் செருப்போடு ஏறுவது அபசாரம் என்று எண்ணி, கழற்றிவிட்டே ஏறுகிறார்கள். தாங்கள் பிழைக்கும் இடத்தைக் கோயிலாக மதிக்கிற அந்தப் பக்தியை நான் வணங்குகிறேன். ஸ்பரிச உணர்வு என்ற ஒன்றை மட்டும் கருதினால் வெறுங்காலுக்கு இணையான காலணி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்து நியாயங்களும் பலமானவை. வியர்த்த பாதம் தேய்ந்த பெடலில் வழுக்கும்; அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்திவைத்த வண்டியின் உலோகப் பெடல் சுட்டால் கால் தன்னையறியாமல் பின்வாங்கும்; அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது எலும்பின்மேல் விழும் வலி, மிதிப்பதைத் தயங்கச் செய்யும்; விபத்து நேர்ந்து இறங்கவேண்டி வந்தால் கண்ணாடிச் சில்லும் கொதிக்கும் தாரும் காத்திருக்கும். கேபினுக்குள் மட்டுமே அணிவதற்கென்று சுத்தமான கான்வாஸ் ஷூ ஒன்றை வைத்துக்கொண்டால், தெருவின் அழுக்கும் உள்ளே வராது, காலுக்கும் காவல் கிடைக்கும்.

வெறுங்காலைவிடக் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. கழற்றிய செருப்பை அங்கேயே காலடியில் போட்டுவிடுவது. திருப்பத்திலும் திடீர் நிறுத்தத்திலும் அது உருண்டு வந்து பிரேக் பெடலின் கீழே புகுந்துகொண்டால், எவ்வளவு மிதித்தாலும் பெடல் கீழே இறங்காது. பெடலின் அடியில் வரும் பொருள் எத்தகைய நாசத்தை விளைவிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் சாட்சி: தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளக்கூடும் என்ற காரணத்தால் 2009-இல் டொயோட்டா கம்பெனி அங்கே 38 லட்சம் வண்டிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்துத் திருத்த நேர்ந்தது. காருக்கென்றே செய்த விரிப்பே நகர்ந்து இவ்வளவு செய்யுமானால், தளர்ந்து கிடக்கும் செருப்பை என்னவென்று சொல்லுவது? கழற்றியதை ஸீட்டின் கீழேயும் தள்ளலாகாது, அது முன்னால் சறுக்கி வரும். டிக்கியில் வைப்பதே உத்தமம்.

இனி நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது, பாதத்தின் உணர்வே குறைந்துவிட்டவர்களைப் பற்றியது. நம்மிடையே நீரிழிவு பரவியிருக்கும் அளவை எல்லோரும் அறிவோம். பல வருஷங்கள் அந்நோய் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வருவதற்கு மூலகாரணம் உணர்ச்சி அற்றுப்போவதே என்று நிரூபித்து, அவர்களுக்காக மைக்ரோசெல்லுலர் ரப்பரில் மிருதுவான செருப்புக்கள் செய்வித்தார். அந்த ரப்பர்தான் எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று நீரிழிவுக்காரர்களின் காலைக் காக்கிறது. உணர்வற்ற பாதம் தனக்கு நேரும் காயத்தை அறியாது என்பது அவர் உலகுக்குக் கற்பித்த பாடம். அதே பாதம் பெடலையும் அறியாது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளவேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டு, "தெரிகிறதா?" என்று வைத்தியர் கேட்கும் பரிசோதனை மிக எளியது, நொடிகளில் முடிவது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் பதில் சொல்லமுடியாதவர், மேற்கொண்டு வண்டி ஓட்டலாமா, ஓட்டினால் எதை அணிந்து ஓட்டலாம் என்பதை அந்த வைத்தியரிடமே கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். பின்வார் இல்லாத எம்.சி.ஆர். செருப்போடு ஓட்டுவது, காலைக் காப்பாற்ற வாங்கியதைக் கொண்டு பிறர் உயிருக்கு அபாயம் தேடுவதாகும்; பின்வார் உள்ள ஜோடிகளும் கடைகளில் கிடைக்கின்றன, இல்லாவிட்டால் தெருமுனையில் இருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஒரு வாரைத் தைத்துக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை கடினமானதன்று. அடி 10 மில்லிமீட்டருக்குமேல் தடிக்கலாகாது என்று பிரிட்டனின் ஆர்.ஏ.சி. என்னும் மோட்டார் சங்கம் கூறும் அளவு நல்ல அளவு. அதற்காகக் காகிதம்போல் மெலிந்திருக்கவும் கூடாது. குதிகாலைப் பிடிக்கவேண்டும், கணுக்காலைப் பிடிக்கக் கூடாது. அடி, ரப்பராகவோ ரப்பர் கலந்ததாகவோ இருக்கட்டும். மழமழவென்ற தோல் அடி ஈரப்பெடலில் வழுக்கும். நாடாவைக் கட்டி, நுனிகளை உள்ளே செருகிக்கொள்ளவேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே தோல் ஷூ செய்தனுப்பும் நம் நாட்டில் இந்த லட்சணங்கள் உள்ள ஒரு ஜோடிக்கு அலையவேண்டியதில்லை. சாதாரணக் கான்வாஸ் ஷூ ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும். வாங்கி வந்ததும், எஞ்சினை ஓடவிடாமல், வண்டியில் உட்கார்ந்து, பார்வையைச் சாலையில் வைத்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு இருபது முப்பது தடவை காலை மாற்றிப் பார்த்தால், எங்கே உரசுகிறது, எங்கே தட்டுகிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும். மின்சாரக் கார்களில் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினாலே வேகம் குறையும்படியும், அமுக்கியவுடன் முழு விசையும் கிடைக்கும்படியும் அவை அமைந்திருப்பதால், அங்கே தடித்த அடியின் மழுக்கம் உடனே பிரயாணிகளின் கழுத்தில் தெரிகிறது.

வாடகைக் கார் சாரதியையும் பள்ளி வேன் சாரதியையும் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. காக்கிச் சட்டை வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். நாள் முழுதும் பிரேக்கிலும் கிளட்சிலும் உழைக்கும் அவருடைய காலை எவரும் கேட்பதில்லை. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் தமக்கென்று ஷூ வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது இயல்பு. ஜெர்மனியின் விதியைப்போல ஒரு விதி, தொழில்முறைச் சாரதிகளுக்கு மட்டுமாவது, இங்கே வரவேண்டும். அது வரும்வரை, வண்டிச் சொந்தக்காரர்களும் பள்ளி நிர்வாகிகளும் தீபாவளிக்குச் சீருடைத் துணி எடுத்துக் கொடுக்கும்போது, சாரதியின் கால் அளவையும் கேட்டறிந்து, குதிகாலைப் பிடிக்கும் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.